பின்னறை ரீவி

ஒக்டோபர் 19, 2024, சனி

அம்மாவின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். குளியலறைக்குக் கிட்ட. அப்பாவும் நானும் தூக்கும்போது கட்டில் கால் கதவு நிலையில் இடித்து வார்னிஷ் பெயர்ந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

ரீவி ஹோலில் இருக்கிறது. "எனக்கேன் ரீவி, நீங்கள் பாருங்கோ" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு கேபிள் பழைய குழாய் வழியாக ஹோலுக்கு இறங்குகிறது. இன்னொன்றைப் பின்னறை யன்னலால் விடலாமா என்று அடுக்குமாடிக் கொமிட்டியிடம் கேட்டேன். வெளிச்சுவரில் புதுக் கம்பி எதுவும் தொங்கக் கூடாதாம். லிஃப்டுக்குள் நோட்டீஸே ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே யாருடையதோ உள்ளாடை காயும் கொடி பற்றியும் ஒரு நோட்டீஸ்.

உள்ளே இரண்டு அறைக்கும் நடுவில் கொங்கிறீட் சுவர். துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். தரையால் இழுக்கலாம், ஆனால் அம்மா வோக்கரோடு நடக்கிற வழி அது. கால் தடக்கினால் முடிந்தது. தரையால் இல்லை.

செய்மதி 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. படம் அங்கே ஏறி இறங்க ஏறத்தாழ கால் செக்கன். எங்கள் ஹோலிலிருந்து பின்னறைக்குப் பன்னிரண்டு அடி, அதற்குத்தான் வழி இல்லை. அந்த உயரத்தில் செய்மதியை நிறுத்தி உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிறகு இந்தக் கொழும்பிலேயே பான்ஸ் பிளேசில் குடியிருந்து, இப்போது பொரளை கனத்தையில் கிடக்கிறார். இங்கிருந்து ஓட்டோவில் போகிற தூரம். சுவரைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஒக்டோபர் 21, திங்கள்

செக்குரிட்டி அங்கிளிடம் சாவி வாங்கி மேலே போனேன். நான்காம் மாடி மாமியின் மோர்மிளகாய் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. டிஷ் தாங்கியில் ஒரு காகம். நான் கிட்டப் போயும் எழும்பவில்லை.

93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியைக் கொழும்பிலிருந்து பார்க்க, வடக்கிலிருந்து 116 பாகை திரும்ப வேண்டும். ஏற்றம் 72 பாகை, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த ஊர் டிஷ்கள் எல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தபடிதான்.

கேபிள் முனையைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகத் தூள். கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது, உப்புக்காற்று விடுமா. ஓரடி வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட்டேன். நடுச் செம்புக் கம்பி மூடியை விட இரண்டு மில்லிமீற்றர் மட்டும் வெளியே நிற்க வேண்டும், சுற்றியிருக்கும் வலையின் ஒரு மயிர்கூட அதில் தொடக் கூடாது. மூன்றாவது தடவைதான் சரிவந்தது. மேலே இறப்பர் ரேப்பைச் சுற்றினேன்.

காகம் கடைசிவரை அதே இடத்தில் இருந்தது.

ஒக்டோபர் 22, செவ்வாய்

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஒக்டோபர் 23, புதன்

101 பஸ்ஸில் பம்பலப்பிட்டி போய் யூனிட்டி பிளாசா முழுக்க அலைந்தேன். செய்மதி சிக்னலைக் கணினிக்குள் எடுக்கும் டியூனர் என்றால் கடைப் பையன்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் புறக்கோட்டையில் ஒரு மூலைக் கடையில் பழைய யூ.எஸ்.பி. டியூனர் ஒன்று கிடைத்தது. தூசி துடைத்துத் தந்தார்.

"ஏன் தம்பி இந்தப் பாடு? போனில் அப்ளிகேஷன் போட்டால் எல்லா சேனலும் வருமே" என்றார். வரும். டேட்டா பக்கேஜ் மாதம் பாதியில் முடியும், அதுவும் வரும். டிஷ்ஷில் இலவசமாக விழுவதை வீட்டு ரவுட்டருக்குள்ளேயே ஓட்டினால் யாரும் பில் போட முடியாது. இன்னொன்று, அம்மாவுக்கு ரிமோட்டில் மேலே கீழே இரண்டு பொத்தான்தான் தெரியும்.

ஒக்டோபர் 25, வெள்ளி

இரவு இரண்டு மணி. எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

எண்ணம் இதுதான்: கேபிளை ஹோல் பெட்டியிலிருந்து பிடுங்கி டியூனரில் கொடுப்பது. டியூனர் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில். அதில் டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள். அது சேனலைப் பிரித்து வீட்டு நெட்வேர்க்கில் விடும். பின்னறையில் அக்காவின் பழைய 32 அங்குல ரீவி, அதில் ஒரு அன்ட்ரொயிட் பெட்டி, அதில் கோடி என்ற படம் காட்டும் மென்பொருள். ஹோல் ரீவிக்கும் அதே மாதிரி ஒரு பெட்டி.

உலாவியில் 9981ஆம் போர்ட்டைத் திறந்து எல்லாம் நிரப்பினேன். டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி 9750/10600. அலைவரிசை 11090, வேர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500. ஸ்கான் கொடுத்தால் பூச்சியம். மறுபடி, பூச்சியம். டியூனரில் பச்சை லைட் எரிகிறது, கணினியும் சாதனம் இருக்கிறது என்கிறது, சிக்னல் மட்டும் இல்லை. முனையைச் சந்தேகித்தேன். டிஷ்ஷைச் சந்தேகித்தேன். காகத்தைச் சந்தேகித்தேன். பன்னிரண்டரைக்கு மேலே போகலாம் என்றால் சாவி அங்கிளிடம், அங்கிள் கதிரையில் நித்திரை.

ஒன்றரைக்குத்தான் உறைத்தது. வேர்ட்டிகலுக்கு 13 வோல்ட், ஹொரிசொன்ரலுக்கு 18 வோல்ட் என்று எல்என்பிக்கு மின்சாரம் டியூனரில் இருந்துதான் கேபிள் வழியே ஏறுகிறது. பச்சை லைட்டுக்கு யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட் போதும். எல்என்பிக்குப் போதாது. டியூனரின் பக்கவாட்டில் 12 வோல்ட் துளை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அடப்டர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய ரவுட்டரின் அடப்டர் லாச்சிக்குள் கிடந்தது. செருகினேன்.

சிக்னல் 12.1 டெசிபெல். சேனல்கள் மழை மாதிரிக் கொட்டின. பொதிகையைத் தேடித் தேடிக் காணாமல் பிறகுதான் நினைவு வந்தது, இந்த ஜனவரியில் பெயர் டி.டி. தமிழ் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அது எப்போதும் பொதிகைதான்.

குசினியில் நின்று போனில் பார்த்தேன். யாரோ வயல் வரப்பில் நின்று உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முழுவதும் பார்த்தேன்.

ஒக்டோபர் 26, சனி

பின்னறையில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "வடிவாத்தான் கிடக்கு" என்றார். பாட்டுக்காரியின் மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒக்டோபர் 27, ஞாயிறு

பிழை என்னுடையது. இதையெல்லாம் மல்ரிகாஸ்டில்தான் விட வேண்டும் என்று படித்துவிட்டு அப்படியே விட்டேன். ஒருமுறை அனுப்பினால் கேட்கிற எல்லாருக்கும் போகும், கம்பியில் அருமையான ஏற்பாடு. வைஃபையில் அதே பொதிகள் ஆக மெதுவான வேகத்தில் போகின்றன. வழியில் தொலைந்தால் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. சாதாரண முறைக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக, தொலைந்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி மாற்றினேன். பாதி சரி.

மீதிப் பாதி காற்று. ஒரு சேனலுக்கு மூன்று நான்கு மெகாபிட்தான், பெரிய சுமை இல்லை. ஆனால் பின்னறையில் நின்று எண்ணினால் அக்கம்பக்கத்து வைஃபை 23, முக்கால்வாசி ஆறாம் சேனலில். வெள்ளவத்தையில் மனிதர்கள் மட்டுமா நெருங்கி இருக்கிறார்கள். 5 கிகாஹேர்ட்ஸுக்குத் தாவலாம், ஆனால் அது கொங்கிறீட்டைக் கண்டால் செத்துவிடும்.

ரவுட்டரைக் கழற்றிச் சாமித்தட்டுக்குக் கொண்டுபோனேன். ஃபைபர் வயரில் மூன்று மீற்றர் சுருட்டி வைத்திருந்தது உதவியது. அங்கிருந்து பின்னறைக் கதவு நேராகத் தெரியும். ராஸ்பெரி பையிலிருந்து ரவுட்டருக்கு மட்டும் கம்பி, அது ஹோல் சுவரோரம், வோக்கர் போகாத பக்கம்.

கதவு திறந்திருந்தால் படம் அசையாமல் நிற்கிறது. பூட்டினால் உடைகிறது. ஆகவே இரவிலும் கதவு திறந்தபடியே. அதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

"முருகனுக்குப் பக்கத்திலை என்னடா மினுங்குது?"

"ரவுட்டர் அம்மா."

"நீல லைட்டோ. நல்லது, இருக்கட்டும்."

ஒக்டோபர் 28, திங்கள்

அக்கா ரொறொன்ரோவிலிருந்து. நாற்பது நிமிடம். "ரிப்போர்ட் என்னாச்சு எண்டு கேட்டால் வைஃபை பற்றிச் சொல்லுறாய்." உண்மைதான். வேறென்ன சொல்ல.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஒழுங்கையில் விடியவிடிய வெடி. பயத்தம் பணியாரம் கடையில் வாங்கினோம், அம்மா ஒன்றில் பாதி சாப்பிட்டார்.

எட்டு மணிக்குப் பெரிய வில்லங்கம். டியூனர் ஒன்று, அது ஒரு நேரத்தில் ஒரு ட்ரான்ஸ்பொண்டரில்தான், அதாவது செய்மதியின் ஒரு அலைவரிசைக் கட்டில்தான், நிற்கும். அதற்குள் இருக்கிற சேனல்களை எத்தனை பேரும் பார்க்கலாம். அம்மாவின் பாட்டுப் போட்டி ஒன்றில், அப்பாவின் செய்தி இன்னொன்றில். அப்பா ஹோலில் செய்தியைப் போட்டார், பின்னறையில் பாட்டு அறுந்தது. அம்மா திருப்பிப் போட்டார், ஹோலில் அறுந்தது. இரண்டு பேரும் மற்றவர்தான் செய்கிறார் என்று தெரியாமல் பத்து நிமிடம் ரிமோட்டை அமத்திக்கொண்டிருந்தார்கள். நான் குளிக்கப் போயிருந்தேன்.

இரட்டை எல்என்பி போட்டு இன்னொரு கேபிள் இறக்கினால் தீரும். கொமிட்டி.

நவம்பர் 1, வெள்ளி

எட்டு மணிக்கு அப்பா பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். பாட்டுப் போட்டி பார்க்கிறார். அவருக்குச் சுருதி பேதம் தெரியாது.

நவம்பர் 2, சனி

கந்தசஷ்டி தொடக்கம். விரதம் வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை நான் இரண்டு முறை சொன்னேன். பாலும் வாழைப்பழமும் விரதம் இல்லையாம், அது சாப்பாடாம்.

வியாழன் சூரன்போர். திருச்செந்தூரிலிருந்து நேரடியாகக் காட்டுவார்கள், கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். இத்தனை நாளில் அம்மா வாய் திறந்து கேட்ட முதல் நிகழ்ச்சி.

நவம்பர் 4, திங்கள்

மூன்றரைக்கு இடி. மூன்று நாற்பதுக்குப் படம் போனது. ஐந்துக்கு வந்தது. நேற்றும் இதே நேரம், முந்தநாளும். இடைப்பருவ மழை அலுவலகம் போகிற மாதிரி நேரம் தவறாமல் வருகிறது. எங்கள் டிஷ் பிடிக்கும் கேயூ அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவில், மழைத் துளிகள் அதைக் குடித்துவிடும். ஆறு அடி, எட்டு அடி டிஷ் வைத்து நீள அலை சி-பாண்ட் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. எங்கள் டிஷ்ஷில் ஒரு சிறுபிள்ளையைக் குளிக்க வார்க்கலாம், அவ்வளவுதான்.

வெயிலில் 12.1. நல்ல மழையில் 4. ஆறுக்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாகிறது.

திருச்செந்தூரில் சூரன்போர் நாலரை மணியளவில்.

நவம்பர் 5, செவ்வாய்

சாவி. மேலே. போனில் சிக்னல் எண்ணைத் திறந்து வைத்து, டிஷ்ஷை விரலால் தள்ளுகிற அளவுக்கு மட்டும் நகர்த்தினேன். எண் மாற மூன்று செக்கன் எடுக்கும், கை பொறுக்காது. பிறகு எல்என்பியை அதன் பிடிக்குள் கொஞ்சம் முறுக்கினேன். 12.4. 12.2. 12.9. அங்கேயே இறுக்கினேன். 0.8 டெசிபெல்லுக்கு இரண்டு மணித்தியாலம்.

அங்கிளும் மேலே ஏறி வந்து பார்த்தார். அம்மாவுக்கு எப்படி என்று கேட்டார். 12.9 என்று சொல்லிவிட்டேன்.

இரவு அம்மா: "உதைப் போட்டு உலையாதை ராசா. யாழ்ப்பாணத்திலை கரண்ட் இல்லாத நேரம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள். செய்தி முடியுறதுக்குள்ளை கை விட்டுப்போம். கொப்பரைக் கேள்." அப்பா தலையாட்டினார். சுற்றியது அவர்.

நவம்பர் 6, புதன்

தொலைபேசி வந்தது. ரிப்போர்ட் ரெடி. நாளை நாலு மணிக்கு டொக்டரிடம் நேரில் வந்து எடுக்கட்டாம். வேறு நேரம் இல்லையா என்று கேட்டேன். இல்லை.

ரெக்கோர்டிங் போட்டுவிட்டேன், மூன்றரையிலிருந்து ஆறரை வரை.

நவம்பர் 7, வியாழன்

நாலே கால். காத்திருக்கும் இடத்தில் 38ஆம் இலக்கம். வெளியே கறுப்பு. காலி வீதியில் தேர்தல் வாகனம் ஒன்று மழைக்குள் தனியாகக் கத்திக்கொண்டு போனது.

4.31க்கு அப்பா அழைத்தார். அப்பா எனக்குத் தானாகப் போன் எடுத்தது எப்போது என்று ஞாபகமில்லை. "ஓடுது" என்றார். வைத்துவிட்டார்.

4.40: "ஆனைமுகன் வந்திட்டான்."

4.52: "நிக்குது."

5.06: "வந்திட்டுது." பின்னால் அம்மாவின் குரல், அரோகரா.

5.10க்கு 38ஐக் கூப்பிட்டார்கள்.

இரவு பத்தரை. அம்மா ரெக்கோர்டிங்கைத் திருப்பிப் போடச் சொன்னார். டிவிஹெட்எண்ட் கணக்கில் தொடர்ச்சிப் பிழை 4,112. ஆனைமுகன் விழுகிறான், திரை சாம்பலாகிறது, கட்டங்கள், பிறகு ஒரேயடியாகச் சூரபத்மன்.

"நடுவிலை சிங்கமுகன் எல்லோ. அவனை எங்கையடா விட்டனீ?"

மழை கொண்டுபோய்விட்டது என்றேன். சிரித்தார், இருமல் வரும்வரை. பிறகு கவரைப் பார்த்தார். ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"நாளைக்குச் சொல்லு" என்றார். "இப்ப சேவலும் மயிலும் வாற இடத்தைப் போடு."

நவம்பர் 8, வெள்ளி

மழை இல்லை. 12.9. மூன்று பேரும் எட்டரைக்குப் புறப்பட வேண்டும்.