கரிசலில் புல்தரை போட்ட கதை

போன சித்திரையில் வாசல் புல்தரையில் விழுந்திருந்த வெடிப்புக்குள் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தேன். முழுசாக உள்ளே போய்விட்டது. அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் செருப்பு சேற்றில் மாட்டி, காலை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கரிசல் அப்படித்தான். ஐப்பசியில் களி, சித்திரையில் பாளம்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்கு வெளியே, பருத்தியும் உளுந்தும் விளைந்த புஞ்சையை மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. அம்மாவுக்குச் சாயங்காலம் வெறுங்காலோடு புல்லில் நடக்க வேண்டும் என்று ஆசை. தோட்டம் போட்டுக் கொடுக்க வந்தவர், கரிசலில் எதுவும் வராது, மேலே செம்மண் அடித்துவிடலாம் என்றார். நானும் சரி என்றேன். லாரி உள்ளே வந்து முன்னும் பின்னும் ஏறி மிதித்து, அரை அடி உயரத்துக்குச் செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. அதன்மேல் கொரியன் புல்லைப் பாய் பாயாக விரித்தோம். இரண்டு மாதம் பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது.

அப்புறம் அடைமழை வந்தது. செம்மண் வழியாக வேகமாக இறங்கிய தண்ணீர், லாரி மிதித்து இறுகிய கரிசல் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் கஞ்சித்தொட்டிதான். மார்கழி முடிவதற்குள் பாதிப் புல் வேர் அழுகி, கையில் பிடித்து இழுத்தால் பாய் போலச் சுருண்டு வந்தது. ஒரு மண்ணுக்கு மேல் இன்னொரு மண்ணைத் தனி அடுக்காகப் போடாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிச் சொல்வது இதனால்தான். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகிவிடும் என்பதும் தப்பு. பாதிக்குப் பாதி மணல் சேர்த்தால்தான் ஏதாவது நடக்கும், அதற்குக் குறைவாகக் கலந்தால் காரை பூசின மாதிரி இறுகிவிடும். ஜிப்சம் போடச் சொல்பவர்களும் உண்டு. சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே நிறைய இருக்கும் சாதாரணக் கரிசலில் அதனால் பெரிய பலன் இல்லை. மண் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு அப்புறம் காசு செலவழியுங்கள்.

எனக்கு வழி காட்டியது பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி. மழை விட்ட மறுநாளே நான் மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, ஈரத்துல மிதிக்காதீங்க, செங்கலாப் போயிரும்!" உள்ளே வந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிக் காட்டினார். கட்டை விரலால் அழுத்தினால் நசுங்கி விரலோடு ஒட்டியது. பதம் வரவில்லை என்றார். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி உருட்டி அழுத்தியபோது உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது. அதுதான் பதம். ரொம்பக் காயவிட்டால் கடப்பாரைகூட எகிறும், ஆகவே நமக்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் சில நாட்கள்தான். மண்ணில் செய்யும் எந்த வேலையையும் இப்போது அந்த நாட்களுக்குத்தான் வைத்துக்கொள்கிறேன்.

கொட்டிய செம்மண்ணை ஒரு தை மாதத்தில் மேல் கரிசலோடு சேர்த்துக் கொத்திக் கலந்தேன், கூடவே மக்கிய தொழுவுரம். தண்ணீர் தெருப்பக்கம் வடியும்படி வாட்டம் கொடுத்தேன். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்கு அரை அடி இறக்கம். சுவரை ஒட்டிப் புல்லே போடவில்லை. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் தினமும் தண்ணீர் குடித்தால் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். கொரியனை விட்டுவிட்டு அருகம்புல்லைத் துண்டு துண்டாக நட்டேன். அருகு இந்த ஊர்ப் புல், வெயிலும் தெரியும் வெடிப்பும் தெரியும்.

கரிசலைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்பார்கள். அதன் களித் துகள்கள் தகடு தகடாக அடுக்கியவை, நடுவில் தண்ணீர் புகுந்தால் விரியும், போனால் சுருங்கும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பயந்து தினமும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன், தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடி ஆழத்துக்குப் போய்விடும், மேல் வேருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்போது வாரம் இரண்டு முறைதான், பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடியும் பத்து நிமிடம். வெடிப்பை மண் போட்டு மூடுவதும் இல்லை. சலித்த மண்புழு உரத்தைத் தூவித் தென்னந்துடைப்பத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன். மழை வந்து மண் உப்பும்போது அது ஒரு முழ ஆழத்தில் உரத்தைக் கவ்விக்கொள்ளும். எந்த மண்வெட்டியாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இன்னொன்று, ஓரத்தில் வைத்த இட்லிப்பூச் செடி. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. யூரியா போட்டும் பயனில்லை. இந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையால் வேருக்கு அது கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்புச் சத்துள்ள உப்பு) கரைத்துச் சாயங்காலத்தில் இலையில் தெளித்தேன், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. புதுத் தளிர் பச்சையாக வந்தது. அரளிக்கும் காகிதப்பூவுக்கும் இந்தத் தொல்லையே இல்லை, புதிதாக வைப்பவர்கள் அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

புல் இன்னும் முழுசாக மூடவில்லை, மேற்கு மூலையில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வழுக்கை இருக்கிறது. லாரி நின்ற இடம் அது. நேற்று தோட்டவேலை முள்கரண்டியால் நாலு அங்குல ஆழத்துக்குக் குத்திவிட்டு உரம் பரப்பினேன். அம்மா அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.