சுபாரு ஹெட் கேஸ்கெட்: என்ஜினை இறக்கிவிடுங்கள்

சுபாருவின் 2.5 லிட்டர் பாக்ஸர் என்ஜினில் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் என்ஜின்) ஹெட், அதாவது சிலிண்டர் மூடி, இரண்டும் பக்கவாட்டில் படுத்திருக்கும். ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) மாற்ற, வண்டிக்குள் வைத்தே ஹெட்டைக் கழற்றப் போனால் சேஸிஸ் இடிக்கும். என்ஜினை வெளியே எடுப்பதே நல்லது.

ஆட்டோமேட்டிக் வண்டியா? டார்க் கன்வெர்ட்டரின் (என்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) 4 போல்ட்டை முதலில் கழற்றி, கன்வெர்ட்டரை கியர்பாக்ஸோடு விட்டுவிடுங்கள். என்ஜினோடு உருவி வந்தால், திரும்ப மாட்டும்போது சரியாக உட்காராமல் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட எமரி டிஸ்க் (சுழன்று தேய்க்கும் உப்புத்தாள் வட்டு) வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். பிளேடும் பொறுமையும் போதும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று அதன் மேல் ஸ்டிரெய்ட் எட்ஜ் (துல்லியமான நேர்ச்சட்டம்) வைத்துப் பாருங்கள், அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் மெஷின் ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீலாகவே வாங்குங்கள். ஹெட் போல்ட் மரையில் ஆயில் தடவ மறக்காதீர்கள். காய்ந்த மரையில் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) பொய் சொல்லும்.