கையைப் பற்றிப் பார்த்த மருத்துவர்

இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும், ஆலயப் பணி செய்யும் லேவியனும்கூட அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டார்கள், கண்டும் விலகிப் போனார்கள் என்பதை வாசிக்கும்போதெல்லாம் அப்படி விலகிப் போகாத டாக்டர் பால் பிராண்ட் எனக்கு நினைவுக்கு வருகிறார். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளி ஒருவரின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. செயலற்றதென்று கைவிடப்பட்ட அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் இருந்தன. அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றி இணைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைப் பின்னர் அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி மரத்துப்போனதால், சூடும் காயமும் தெரியாமலே சிதைகின்றன. இதை அவரும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளோடு பழகிப் பழகிக் கண்டறிந்தார்கள். உறங்குகிறவரின் விரலை இரவில் எலி கடிப்பதும், அவர் அதை அறியாமலே கிடப்பதும் தெரியவந்தபோது, நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவர் எங்கே, எப்படிப் படுத்துறங்குகிறார் என்பதுவரை விசாரித்தறிந்த அந்தக் கரிசனமே என்னை அதிகமாய் நெகிழச் செய்கிறது.