அண்டி சுட்டுப் பார்த்தேன்: மூன்று ஈடு, ஒரு கொப்புளம்

விளையில் (தோட்டத்தில்) நிற்கிற ரெண்டு கொல்லாமரமும், அதாவது முந்திரி மரமும், இந்த வருடம் போட்டி போட்டுக் காய்த்திருக்கின்றன. ஏப்ரல் முதல் வாரம் ஊருக்குப் போனபோது, பழத்தைத் திருகி மாட்டுக்குப் போட்டுவிட்டு, அண்டியை மட்டும் காயவைத்து அரைச்சாக்கு சேர்த்து வைத்திருந்தாள் அம்மா. வழக்கமாக அதை அப்படியே கடையில் எடை போட்டுவிடுவோம். இந்தத் தடவை கொஞ்சம் எடுத்து நானே சுட்டு, உடைத்து, தோலெடுத்து, உடையாத முழுப் பருப்பாக எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். 10 நாள் லீவு கையில் இருந்தது.

"ஒனக்கு என்னத்துக்குலே இந்த வேலை?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கமெல்லாம் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர். முந்திரி ஆலை அண்டியாபீஸ். கேரளத்தில் கூலி கூடியபோது கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை தாண்டி வந்து இங்கே ஆலை போட்டார்கள். அம்மா 18 வயதில் அப்படி ஒன்றில் சேர்ந்து 26 வருடம் போனாள். முதலில் உடைப்பு, முட்டு தேய்ந்த பிறகு தோலெடுப்பு. நான் படித்த படிப்பு, தங்கச்சி கல்யாணம் எல்லாம் அதில் வந்தது.

முதல் ஈடு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அடுக்களையில் கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து 80 அண்டி போட்டேன். செய்யாதீர்கள். அண்டியின் ஓடு ரெண்டு அடுக்கு, நடுவில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், அவ்வளவும் எண்ணெய். பிரேக் லைனிங் செய்யவும் வள்ளத்தின் பலகையில் பூசவும் பயன்படுகிற எண்ணெய் அது. சூடானதும் பீறிட்டு அடித்துக்கொண்டு வந்தது. புகை தொண்டையைப் பிடித்ததில் அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். 80-ல் தின்னும்படி தேறியது எட்டு.

அம்மா வர நேரமாகிவிட்டது. அங்கே மெஷினில் நாலு தடவை விரலை வைத்தும் ரேகை விழவில்லையாம், கடைசியில் கண்ணைக் காட்டி அரிசி வாங்கி வந்திருக்கிறாள். சட்டியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் தேடி எடுத்து ஆணியால் அடியில் ஓட்டை போட ஆரம்பித்தாள்.

ரெண்டாம் ஈடு. விளையின் கோடியில் மூன்று கல் கூட்டி, ஓட்டை டின்னை வைத்து, தென்னை மட்டையால் தீ. ஓட்டை வழியாக எண்ணெய் ஒழுகித் தீயில் விழுவதால் அண்டி எண்ணெயில் மிதக்காமல் சுடுகிறது. நீளக் கம்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று வருகிற பக்கம் நாம் நிற்க வேண்டும். ஒரு கட்டத்தில் டின்னுக்குள்ளேயே தீப்பிடிக்கும். அதுதான் கணக்கு. நன்றாகப் பற்றியதும் தரையில் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, சாம்பலைப் போட்டுப் புரட்ட வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று நின்றுவிட்டேன்.

"மதி மதி, தட்டு!" என்று அம்மா தொழுவத்துப் பக்கமிருந்து கத்தினாள். மதி என்றால் போதும். டின்னைப் பார்க்கக்கூட இல்லை, புகையின் மணத்தை வைத்தே சொன்னாள். பாதிக்கு மேல் கருகியிருந்தது. "இதெல்லாம் ஸ்கார்ச். ஆபீஸ்ல இதுக்கு வெலை கொறவு" என்றாள்.

கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னதை நான் கேட்கவில்லை. மறுநாள் முழங்கைக்குக் கீழே கொப்புளம், ரெண்டு பெருவிரலிலும் தோல் உரிந்தது. செல்போன் என் ரேகையை எடுக்காமல் ஒரு வாரம் நம்பர் போட்டுத்தான் திறந்தேன்.

மூன்றாம் ஈடு சுட்டது சரியாக வந்தது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடைப்பதில்தான் விசயம். 100 அண்டியை எண்ணி எடுத்து, கல்லின் மேல் வைத்து, மரக்கம்பால் அடித்தேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. முழுசாக வந்தது 34. மிச்சம் பிளந்தது, நொறுங்கியது, நசுங்கி ஓட்டோடு ஒட்டிக்கொண்டது.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்டியை இடது கை மூன்று விரலில் பிடித்து, முதுகு கீழே, குழிந்த பக்கம் மேலே வருகிற மாதிரி கல்லில் நிறுத்தினாள். சின்னதாக ஒரு தட்டு. விரல் அண்டியை ஒரு நூல் திருப்பியது. இன்னொரு தட்டு. ஓடு ரெண்டாகத் திறந்து பருப்பு உள்ளங்கையில் விழுந்தது. பத்து உடைத்தாள், பத்தும் முழுசு. அவ்வளவு நேரமும் அடுத்த வீட்டு அத்தையின் மகன் கல்யாணத்தில் சாம்பார் உறைப்பு கூடிப்போனதைப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பருப்ப அடிக்காத மக்களே, ஓட்ட அடி. பைய."

ஆபீசில் எடைக்குத்தான் கூலி, எடுத்த பருப்பின் எடைக்கு. ஒரு கிலோ நல்ல பருப்பு சேர எழுநூறு அண்டியாவது உடைக்க வேண்டும். என் வேகத்தில், எல்லாம் முழுசாக வந்தால்கூட, எட்டு மணி நேரத்துக்கு ஒரு கிலோ. அதுவும் தரையில் குத்தவைத்து. "நீ போயிருந்தா நாம பட்டினிதான்" என்று அம்மா சிரித்தாள்.

சின்ன வயதில் எனக்கு அவள் தலை சீவிவிடுவது பிடிக்காது. எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த விரல்களில் அண்டி எண்ணெய் மணக்கும். நாற்றம் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் கொஞ்ச நாள் சீப்பின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, விரல் படாமல் சீவினாள். நான் அதைக் கவனித்ததும் நினைவிருக்கிறது, ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் மடியைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்களாம். அதனால் எங்கள் வீட்டில் அண்டிப்பருப்பு கிடையாது. கிறிஸ்துமஸ் பாயசத்துக்குக் கடையில் போய் 50 கிராம் பீஸ், அதாவது உடைந்த பருப்பு, வாங்குவாள்.

உடைத்த பருப்பை ரெண்டு நாள் மாடியில் நல்ல வெயிலில் போட்டேன். ஆபீசில் இதற்கு போர்மா என்று ஒரு சூட்டறை உண்டு. காய்ந்தால்தான் சிவப்புத் தோல் விட்டுக்கொடுக்கும். சின்னப் பிச்சாத்தியால் சுரண்டினேன், பருப்பில் வெட்டு விழுந்தது. அம்மாவுக்குக் கத்தி தேவைப்படவில்லை, பெருவிரலால் ஒரு உருட்டு, தோல் தனி.

முடிந்ததும் முழுசை எல்லாம் கையில் அள்ளிப் பார்த்து "முந்நூத்தி இருவது" என்றாள். ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கிற தரம் அது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுக்களைத் தராசில் 100 கிராம் நிறுத்து எண்ணினேன். 68. பெருக்கிப் பார்த்தால் பவுண்டுக்கு 308 வருகிறது.

அடுத்த ஈடு மே மாதம், மழைக்கு முன்னால். கையுறை வாங்கியாகிவிட்டது.

ராத்திரி கட்டஞ்சாயாவோடு தட்டை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். முழுசு ஒரு பக்கம், பிளந்ததும் பொடிந்ததும் ஒரு பக்கம். அவள் பொடிந்ததை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு முழுப் பருப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குலே" என்று சொல்லி, முழுசு இருந்த பக்கத்திலேயே திரும்ப வைத்தாள்.