‘மஜ்லிஸ்’ என்ற ஒரு சொல்லால் போன 11 நாள்

நாடகம் போன சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கு லைசென்ஸ் எடுக்க அலைந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. கோலாலம்பூரில் தமிழ் நாடகம் போட நினைக்கும் அடுத்த ஆள் இதே இடத்தில் மாட்டக் கூடாது என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருஷமாக மேடைக்குப் பின்னால்தான் இருக்கிறேன். முதலில் மேடைப் பொருட்களை அடுக்கும் பிராப்ஸ் மேசை, அப்புறம் ஸ்டேஜ் மேனேஜர். புரொடக்‌ஷன் மேனேஜர் என்று முழுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது இதுதான் முதல் தடவை. நம் குழுக்களில் நடிக்க ஆள் கேட்டால் முப்பது பேர் வருவார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போக ஆள் கேட்டால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த வேலையை விரும்பித்தான் கேட்டு வாங்கினேன்.

ஒத்திகை, நடிகர்கள் ஒப்பந்தம், போஸ்டர் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. மாட்டியது லைசென்ஸில். கோலாலம்பூருக்குள் டிக்கெட் போட்டு நாடகம் நடத்த, 1992-ஆம் ஆண்டு கேளிக்கைச் சட்டப்படி மாநகராட்சியிடம் லைசென்ஸ் வேண்டும். ஸ்கிரிப்டையும் கொடுக்க வேண்டும். இது கூட்டரசுப் பிரதேசத்துக்கான சட்டம். பெட்டாலிங் ஜெயா பக்கத்தில்தானே என்று அங்கே மண்டபம் பிடித்தால், அது சிலாங்கூர் மாநிலம். சட்டமும் வேறு, போக வேண்டிய மாநகர மன்றமும் வேறு. மண்டபம் பிடிக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட், மலாயில் ஒரு பக்கக் கதைச் சுருக்கம், நடிகர்களின் அடையாள அட்டை நகல், சங்கப் பதிவுப் பத்திரம், மண்டபத்தின் உறுதிக் கடிதம் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஆறு வாரம் முன்னாலேயே ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கும் மாநகராட்சி அலுவலகத்தில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த அக்கா பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மண்டபக் கடிதம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதில் எங்கள் நாடகம் ‘மஜ்லிஸ்’ என்று இருந்தது. மலாயில் கல்யாண விருந்தும் மஜ்லிஸ், பிறந்தநாளும் மஜ்லிஸ். விண்ணப்பத்தில் நாடகம், மண்டபக் கடிதத்தில் வைபவம். தேதியும் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை செட் ஏற்றி லைட், சவுண்டோடு டெக் ரிஹெர்சல் பார்க்கும் நாளைக் காணோம். “மண்டபத்துல திருத்தி வாங்கிட்டு வாங்க, இது ஒண்ணுதான் குறை” என்று மலாயில் சொல்லி ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

மண்டபத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று மதியமே அங்கே போனேன்.

“அண்ணே, ஒரு சொல்லை மட்டும் மாத்திக் கொடுங்க” என்றேன்.

கிராணி (குமாஸ்தா) நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எல்லாருக்கும் இதே கடிதம்தான்மா. யாரும் கேட்டதில்ல” என்றார்.

கையெழுத்துப் போடும் மேனேஜர் வெளியூரில். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனால் கடிதம் தயார், சொல்லும் மாறியிருந்தது, ஆனால் சாப்பு (முத்திரை) இல்லை. சாப்பு அலமாரியில், அலமாரிச் சாவி லீவில் போன இன்னொருவரிடம். மூன்றாவது தடவை சாப்போடு கிடைத்தது. எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து நிம்மதியாகப் படித்தால் வருஷம் தப்பு. இறங்கித் திரும்பிப் போனேன். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. மொத்தம் நான்கு தடவை, 11 நாள்.

அதனால் சொல்கிறேன்: கடிதத்தை அவர்கள் எழுதட்டும் என்று விடாதீர்கள். மலாயில் நாடக மேடையேற்றம் என்று பொருள்படும் ‘பெமெந்தாசான் தேயாத்தர்’ என்ற சொல், ஒத்திகை நாள், நாடக நாள், நேரம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் போட்டு நீங்களே ஒரு மாதிரி எழுதிக் கொண்டுபோய், லெட்டர்ஹெட்டில் அடித்துத் தரச் சொல்லுங்கள். கவுண்டரை விட்டு நகரும் முன் நின்று படியுங்கள், வருஷம் உட்பட.

சென்னையிலிருந்து ஒரு மிருதங்கக் கலைஞரை அழைக்கலாம் என்று இயக்குநருக்கு ஆசை. சுற்றுலாவுக்கு வந்தவரை மேடையில் உட்கார வைக்க முடியாது. வெளிநாட்டுக் கலைஞர் என்றால் அதற்கென்றே இருக்கும் புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி, அப்புறம் குடிநுழைவுத் துறை பாஸ் என்று அது தனிக் கதை. எங்களிடம் மிச்சம் இருந்த நாட்களில் அதைத் தொடுவதே தவறு என்று நான்தான் பிடிவாதமாக மறுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி ஒருவர் வாசித்தார். பிரமாதம்.

இன்னொரு இடி கடைசி வாரத்தில். முதல் காட்சியில் பாட்டி குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். மேடையில் நெருப்பு கூடாது என்று மண்டபம் சொல்லிவிட்டது. துணித் திரைகளுக்கு நடுவே எண்ணெய் விளக்கு என்றால் அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இதில் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் விளக்கில்லாமல் அந்தக் காட்சியே இல்லை. லைட் பார்க்கும் தம்பி திரி வைக்கும் இடத்தில் அரிசி அளவு எல்இடி ஒன்றைச் செருகி, அதன்மேல் மெல்லிசாகப் பஞ்சு சுற்றினான். தலைக்கு மேலே மஞ்சள் ஜெல் தாள் போட்ட ஒரே ஒரு விளக்கு. பாட்டியின் கை திரிக்குக் கிட்டே போகும்போது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் இருந்த அவன் விரல் நடுங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. பாட்டியின் முகத்தில் வெளிச்சம் அசைந்தது. டெக் ரிஹெர்சலில் இயக்குநர் ஒன்றும் பேசாமல் அந்தக் காட்சியை இரண்டு தடவை போடச் சொன்னார்.

லைசென்ஸ் கையில் வந்தது நாடகத்துக்கு ஐந்து நாள் முன்னால். சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு வாசலில் ஒரு அதிகாரி வந்து லைசென்ஸ் கேட்டார். அசல், வாசலில் பார்வையாளர்களைக் கவனிக்கும் ஃப்ரண்ட் ஆஃப் ஹவுஸ் மேசையிலேயே பிளாஸ்டிக் உறையில் இருந்தது. தேதியைப் பார்த்தார், இடத்தின் பெயரைப் பார்த்தார், தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அசலை ஆபீஸில் பூட்டி வைக்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.

மண்டபத்துக்குக் கட்டிய 500 ரிங்கிட் முன்பணம் இன்னும் திரும்பவில்லை. சேதம் எதுவும் இல்லை என்று அன்றிரவே எழுதி வாங்கிவிட்டேன். ரசீதின் நகல் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை அந்தக் கிராணியிடம் மறுபடியும் போகிறேன்.