ஆலை வரும் முன்னே, ஆள் தயாரா?

நிலத்தையும் வரிச்சலுகையையும் எந்த வட்டாரமும் கொடுத்துவிடும். இடம் பார்க்க வரும் நிறுவனம் துருவிக் கேட்பது வேறு: முக்கால் மணி நேரப் பயணத்துக்குள் சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும் உலோகம் வெட்டும் இயந்திரம்) ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? "ஆண்டுக்கு இத்தனை பட்டதாரிகள்" என்று பதில் சொன்னால் காரியம் கெட்டது. ஃபிட்டர், வெல்டர், பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தெரிந்த எலக்ட்ரீஷியன் என்று வேலைவாரியாகக் கணக்கு வேண்டும்.

அடுத்து பயிற்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். சறுக்கல் அங்கேதான். 20 மி.மீ. விட்டம், டாலரன்ஸ் (அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) ±0.02 மி.மீ. உள்ள ஒரு ஷாஃப்டை (உருளைத் தண்டை) மாணவரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 0.02 லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) உள்ள வெர்னியர் அளவுகோலை எடுத்தால் கருவியின் பெயர்தான் தெரியும், வேலை தெரியாது. மொத்த இடைவெளியே 0.04; அதில் பாதி வெர்னியரின் ஒரு பிரிவுக்கே போய்விடும். இன்னும் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து, முகங்களைத் துடைத்து, பூஜ்ஜியம் பார்த்து, அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட்டைப் பிடித்துத் திருகுகிறாரா? இவரை நாளைக்கே தளத்தில் நிறுத்தலாம்.

நாள்கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். திட்டம் தொடங்கி 14ஆம் மாதம் இயந்திரங்கள் இறங்குகின்றன என்றால், பயிற்சிக்கு 9 மாதம், ஆள் தேர்வுக்கு 2. ஆக 3ஆம் மாதமே ஆள் தேர்வு தொடங்க வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு விளம்பரம் கொடுத்தால், இயந்திரத்தை நிறுவும் பொறியாளர் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பு போய்விடும். அது திரும்பக் கிடைக்காது.

ஜவுளி ஆலைகளை நம்பியிருந்த அமெரிக்க மாநிலமான தென் கரோலினா, புதிதாக வரும் ஆலைகளுக்கு ஆள் பயிற்றுவிக்கும் அமைப்பை 1961இலேயே தொடங்கிவிட்டது. 1992இல் பிஎம்டபிள்யூ அங்கே ஆலை அமைக்க முடிவெடுத்தபோது, அந்த ஏற்பாட்டுக்கு முப்பது வயது. ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சியில் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மீதி பள்ளியில். இறுதித் தேர்வை நடத்துவது தொழில் வர்த்தக சபை அல்லது கைவினைஞர் சபை. பயிற்சி தந்த நிறுவனமே மதிப்பெண் போடுவதில்லை என்பதால்தான் அந்தச் சான்றிதழை அடுத்த நிறுவனமும் நம்புகிறது.

பெரும்பாலும் இடிப்பது பயிற்றுநர் விஷயம். நல்ல சிஎன்சி ஆளுக்கு ஆலை தரும் சம்பளத்தைப் பயிற்சிக்கூடம் தராது. வந்தாலும் நிற்க மாட்டார். முழுநேர ஆளைத் தேடி அலைவதை விட, ஷிஃப்ட் முடித்து வருபவரை மாலையில் மூன்று மணி நேரம் அமர்த்துவது நடக்கிற காரியம். அதற்குப் பயிற்சிக்கூடம் ஐந்து மணிக்குப் பூட்டாமல் இருக்க வேண்டும்.