மில்லிங் மெஷினும் அம்மாவின் சீரியலும்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையைக் காலி செய்கிறார்கள், இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷின், எம்ஒன்டிஆர் மாடல், பழசு ஒன்று மலிவாகப் போகிறது என்று காதில் விழுந்ததும் கிளம்பிவிட்டேன். வெட்டும் கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினேன், பேரிங் சத்தமே இல்லை. டேபிள் கைப்பிடியில்தான் கால் சுற்று ஆட்டம். "வயசானா அப்படித்தானுங்களே" என்றார் பட்டறைக்காரர். பேரம் படிந்தது.

எடை ஏறக்குறைய ஒரு டன். குட்டியானைக்காரர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை ஏத்துனா என்ற வண்டி முன்னங்காலைத் தூக்கிருங்ணா" என்று நழுவிவிட்டார். பிறகு கிரேன் வண்டி பிடித்து, வாசலிலிருந்து கார் ஷெட் வரைக்கும் அடியில் இரும்பு பைப் போட்டுக் கடப்பாரையால் நெம்பி உருட்டினோம். எதிர்வீட்டு மாமா கேட்காமலே மேஸ்திரி ஆனார்.

அப்புறம்தான் கரண்ட் பஞ்சாயத்து. வீட்டில் சிங்கிள் பேஸ். மோட்டார் பிளேட்டில் 2 எச்பி, 415 வோல்ட், த்ரீ பேஸ். "கெப்பாசிட்டர் போட்டா ஓடும்" என்றார் மாமா. ஓடும், ஆனால் மோட்டாரின் பலம் குறைந்துவிடும். அதனால் விஎஃப்டி என்கிற, மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று வாங்கினேன். 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கிக்கொண்டு அதே 230-ல் த்ரீ பேஸ் கொடுக்கும்.

415 கேட்கிற மோட்டாருக்கு 230 எப்படிப் போதும்? டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆயில் பிசுக்குக்குள் ஆறு போல்ட், மூன்று பித்தளைப் பட்டை. ஸ்டார் கனெக்‌ஷன். மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இந்த ஸ்டாரில், ஒவ்வொரு காயிலுக்கும் போவதே சுமார் 240 வோல்ட்தான். பட்டைகளை மாற்றிப் போட்டு, காயில்கள் முக்கோணமாகச் சேரும் டெல்டா ஆக்கினால் 230-லேயே காயிலுக்கு வயிறு நிறைந்துவிடும். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, மோட்டார் ஒயரை நேராக விஎஃப்டியில் கொடுத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். வீடு முழுக்க இருட்டு.

"டேய், அவன் தாலி கட்டப் போறான்டா!" உள்ளேயிருந்து அம்மாவின் அலறல்.

விஎஃப்டியின் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். அது வீட்டு ஆர்சிசிபிக்கு, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சுக்கு, பொறுக்காது, 30 மில்லி ஆம்பியர் என்றாலே தட்டிவிடும். எலக்ட்ரீஷியன் வந்து, "இதுக்குத் தனி லைன், தனி பிரேக்கர் போட்டாத்தானுங்ணா ஆகும். எர்த்தையும் பார்த்துரலாம்" என்றார். அதுவரை சாயங்காலம் ஆறரை முதல் பத்து மணி வரை கார் ஷெட் பக்கமே போகக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார்.

இப்போது தனி லைன் வந்தாகிவிட்டது. மெஷின் ஜோராக ஓடுகிறது. ஊரடங்கு மட்டும் இன்னும் தளர்த்தப்படவில்லை.